துடிப்பு தவறும்போது: இதய லயக் கோளாறுகளுக்கு ஏன் இத்தனை பெயர்கள்?

இரவில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தலையணைக்குள் இதயம் கேட்கும். ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த துடிப்பு திடீரென்று ஒரு கணம் நின்றுவிடும். அப்புறம் ‘தொம்’ என்று நெஞ்சுக்குள் ஒன்று விழும். நாற்பது வயதில் எனக்கு இது ஆரம்பித்தபோது பல இரவுகள் தூங்கவில்லை. துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் ஹோல்டர் கருவியை ஒரு நாள் முழுக்கக் கட்டிப் பார்த்த மருத்துவர், “வென்ட்ரிக்குலர் எக்டோபிக். கீழறையிலிருந்து முந்திக்கொண்டு வரும் துடிப்பு, அவ்வளவுதான். எக்கோ ஸ்கேனில் இதயம் நன்றாக இருக்கிறது. பயப்படாமல் தூங்குங்கள்” என்று சொல்லி அனுப்பினார்.

என் அத்தைக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். படபடப்பு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. எழுபது தாண்டியும் விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர். ஒருநாள் காலையில் காபி டம்ளர் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனார், வலது கை வரவில்லை. கூப்பிட்டார், பேச்சு குழறியது. பக்கவாதம் என்று கொண்டுபோன இடத்தில் இசிஜி எடுத்தபோதுதான், இதயத்தின் மேலறை சுருங்காமல் நடுங்கும் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ இருப்பது தெரிந்தது. எத்தனை மாதமாக, எத்தனை வருடமாக இருந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

நெஞ்சுக்குள் எவ்வளவு பலமாகத் தெரிகிறது என்பதற்கும் எவ்வளவு ஆபத்து என்பதற்கும் இடையே பெரிய சம்பந்தம் இல்லை. என்னைத் தூங்கவிடாமல் செய்தது எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அத்தைக்குத் தெரியாமலேயே இருந்தது அவர் கையையும் பேச்சையும் எடுத்துக்கொண்டது. இரண்டையும் நாம் ‘இதயத் துடிப்பு சரியில்லை’ என்ற ஒரே வார்த்தையில் சொல்கிறோம். மருத்துவம் அதைப் பல பெயர்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. அந்தப் பெயர்கள் வெறும் அடையாளச் சீட்டுகள் அல்ல. ஒரு பெயருக்கு உயிர் காக்கும் மருந்து, இன்னொரு பெயருக்கு உயிரை எடுக்கக்கூடும்.

முதலில், ஒழுங்கான துடிப்பு எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். வலது மேலறையின் மேல்மூலையில் சைனஸ் நோட் என்ற சிறு திசுக்கொத்து இருக்கிறது. யாரும் தூண்டாமல் தானாகவே மின்துடிப்பை உண்டாக்கும் இடம் அது. ஆர்தர் கீத்தும், அப்போது மருத்துவ மாணவராக இருந்த மார்ட்டின் ஃப்ளாக்கும் இதைக் கண்டுபிடித்து 1907இல் எழுதினார்கள். ஃப்ளாக் அதை முதலில் பார்த்தது நிலத்துக்கடியில் வளை தோண்டும் மோல் என்ற சிறு பிராணியின் இதயத்தில். அங்கே கிளம்பும் மின்சாரம் இரண்டு மேலறைகளிலும் பரவி, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள ஏவி நோட்டுக்கு வந்து சேரும். ஜெர்மனியின் மார்பர்க் நகரில் ஆய்வு செய்த ஜப்பானியரான சுனாவோ தவாரா 1906இல் விவரித்த இடம் இது. வந்த மின்சாரத்தை ஏவி நோட் உடனே கீழே விடாது, ஏறக்குறைய பத்தில் ஒரு நொடி தாமதிக்கும். மேலறைகள் சுருங்கிக் கீழறைகளை நிரப்பி முடிக்க அந்த அவகாசம் வேண்டும். அப்புறம் ஹிஸ் கற்றை, இடது வலது கிளைகள், பர்கிஞ்சி இழைகள் என்று வேகமான பாதையில் இறங்கி, இரண்டு கீழறைகளும் ஒரே நேரத்தில் சுருங்கும். இப்படி ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை.

இதில் எங்கே, என்ன பிசகுகிறது என்பதுதான் வகைப்பாடு. அதைப் படிக்கும் கருவி இசிஜி. நெதர்லாந்தின் லைடன் நகரில் ஐன்ட்ஹோவன் உருவாக்கிய முதல் கருவி ஏறக்குறைய 270 கிலோ எடை. நோயாளி கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர் வாளிகளில் விட்டுக்கொண்டு உட்கார வேண்டும். அதற்காக அவருக்கு 1924இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று ஒரு சின்ன டிராலியில் வருகிறது. கட்டம் போட்ட இளஞ்சிவப்புத் தாளில் ஒரு சின்னக் கட்டம் என்பது 0.04 நொடி, ஐந்து சின்னக் கட்டம் சேர்ந்த பெரிய கட்டம் 0.2 நொடி. மருத்துவர் அந்தத் தாளைக் கையில் வாங்கியதும் மனதுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் சிலவே. வேகம் எவ்வளவு? இடைவெளி ஒழுங்கா, ஒழுங்கில்லையா? கீழறை சுருங்குவதைக் காட்டும் அந்த உயரமான முனை ஒல்லியா, அகலமா? அதற்கு முன்னால் மேலறையின் சின்ன மேடு இருக்கிறதா? அநேகமாக எல்லாப் பெயர்களும் இந்தக் கேள்விகளின் பதில்களிலிருந்தே பிறக்கின்றன.

ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை என்பது பெரியவர்களுக்கு வழக்கமான அளவு. அதற்குக் கீழே போனால் பிராடிகார்டியா, மேலே போனால் டாக்கிகார்டியா. இந்த எண்களை மட்டும் பார்த்துப் பயப்படக்கூடாது. தினமும் நீண்ட தூரம் ஓடுகிறவருக்குத் தூக்கத்தில் 40 வருவது இயல்பு. காய்ச்சலில் 110 வந்தால் அது இதயத்தின் கோளாறு அல்ல, காய்ச்சலுக்கு இதயம் கொடுக்கும் பதில். இளம் வயதில் மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகி, விடும்போது மெதுவாகும். ரிப்போர்ட்டில் அதை ‘சைனஸ் அரித்மியா’ என்று எழுதியிருப்பார்கள். பெயரில் அரித்மியா, அதாவது லயக் கோளாறு, இருப்பதைப் பார்த்துப் பெற்றோர் கலங்கிப்போவதைப் பார்த்திருக்கிறேன். அது ஆரோக்கியமான இதயத்தின் குணம்.

மெதுவான துடிப்பில் சைனஸ் நோட்டே களைத்துப்போவது ஒரு வகை. அது சரியாக வேலை செய்தும், சேதி கீழே போய்ச் சேராமல் ஏவி நோட்டிலோ அதற்குக் கீழேயோ தடைபடுவது இன்னொரு வகை. இந்தத் தடைக்கு மூன்று படிகள் உண்டு. முதல் படியில் எல்லாச் சேதியும் போகும், தாமதமாகப் போகும், அவ்வளவுதான். மூன்றாம் படியில் எதுவுமே போகாது. மேலறை தன் பாட்டுக்கு, கீழறை தன் பாட்டுக்கு நிமிடத்துக்கு முப்பது நாற்பது என்று துடிக்கும். சிக்கல் நடுப்படியில்தான். அதில் ஒரு வகைக்கு வென்கபாக் என்று பெயர். ஒவ்வொரு துடிப்புக்கும் தாமதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, ஒன்று விட்டுப்போய், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கரேல் வென்கபாக் 1899இல், இசிஜியே வராத காலத்தில், நாடித் துடிப்பின் வரைபடத்தை அளந்தே இதைப் பிடித்தார். மணிக்கட்டுத் துடிப்பின் இடைவெளிகளை வைத்து உள்ளே நடப்பதைக் கணக்குப் போட்டு எடுத்த அந்த மனிதரின் பொறுமை இன்றும் என்னை வியக்க வைக்கிறது.

இன்னொரு வகையில் தாமதம் கூடாது. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போதே முன்னறிவிப்பின்றி ஒரு துடிப்பு விடுபடும். 1924இல் மோபிட்ஸ் என்ற மருத்துவர் இதைத் தனியே பிரித்துக் காட்டினார். தாளில் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் சில மில்லிமீட்டர். ஆனால் முன்னது பெரும்பாலும் ஏவி நோட்டுக்குள்ளேயே நடப்பது, பலருக்குச் சிகிச்சையே தேவைப்படாது. பின்னது அதற்குக் கீழே உள்ள பாதை பழுதாவதன் அடையாளம். எப்போது வேண்டுமானாலும் முழுத் தடையாக மாறலாம் என்பதால் பேஸ்மேக்கர் வைக்கச் சொல்வார்கள். உடம்புக்குள் வைக்கப்பட்ட முதல் பேஸ்மேக்கர், ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்கு 1958 அக்டோபர் 8 அன்று பொருத்தப்பட்டது. அவருக்கு ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை மயக்கம் வரும். முதல் கருவி சில மணி நேரத்தில் நின்றுபோனது. அப்புறம் வாழ்நாளில் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு, பொருத்திய மருத்துவருக்கும் செய்து கொடுத்த பொறியாளருக்கும் பிறகும் வாழ்ந்து, 2001இல் 86 வயதில் காலமானார்.

வேகமான துடிப்புக்கு வருவோம். இங்கே முக்கியமான கேள்வி, அந்த முனை ஒல்லியா அகலமா என்பது. மூன்று சின்னக் கட்டங்களுக்குள், அதாவது 0.12 நொடிக்குள் அடங்கினால் ஒல்லி. காரணம் எளிது. மேலே எங்கோ தொடங்கிய மின்சாரம் பர்கிஞ்சி என்ற நெடுஞ்சாலையில் இறங்கினால் கீழறை முழுவதும் சட்டென்று சுருங்கிவிடும். கீழறையிலேயே தொடங்கினால் நெடுஞ்சாலை கிடைக்காது. தசைக்குள் வயல்வரப்பில் நடப்பதுபோல் மெல்லப் பரவ வேண்டும், அதனால் முனை அகன்றுபோகும். கிளைப்பாதையில் ஏற்கெனவே தடை இருந்தால் மேலிருந்து வருவதும் அகலமாகத் தெரியலாம் என்பது உண்மைதான். ஆனாலும் அகலமான, வேகமான, ஒழுங்கான துடிப்பைக் கண்டால், வேறு என்று நிரூபிக்கும் வரை அதைக் கீழறைக் கோளாறாகவே நடத்த வேண்டும் என்பது அவசர சிகிச்சைப் பிரிவின் பாலபாடம்.

ஒல்லியாகவும் மிக ஒழுங்காகவும் நிமிடத்துக்கு 150, 180, 200 என்று ஓடுவது பெரும்பாலும் எஸ்விடி, அதாவது கீழறைக்கு மேலே தொடங்கும் வேகத் துடிப்பு. கல்லூரி மாணவி, கடையில் உட்கார்ந்திருக்கும் முப்பது வயதுக்காரர், யாருக்கும் வரும். சுவிட்சைப் போட்டதுபோல் தொடங்கி, சுவிட்சை அணைத்ததுபோல் நிற்கும். ‘பதற்றம், மனசைத் தளர்த்திக்கொள்ளுங்கள்’ என்று சொல்லி அனுப்பப்பட்ட பெண்கள் இதில் அதிகம் என்பது எனக்கு வருத்தம். மனப் பதற்றத்தில் துடிப்பு படிப்படியாக ஏறிப் படிப்படியாக இறங்கும். ஒரே நொடியில் தொடங்கி ஒரே நொடியில் நிற்பது மின்சுற்றின் வேலை. ஏவி நோட் பகுதியில் இரண்டு பாதைகள் இருப்பவர்களுக்கு, ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறி மின்சாரம் வட்டமடிக்கத் தொடங்கிவிடும். சுற்றை ஓரிடத்தில் ஒரு கணம் அறுத்தால் போதும், நின்றுவிடும். மூச்சைப் பிடித்து முக்குவதால் சிலருக்கு நிற்பது அதனால்தான். அப்படி 15 நொடி முக்கிவிட்டு, உடனே மல்லாக்கப் படுக்கவைத்துக் கால்களைத் தூக்கிப் பிடித்தால் பலன் கூடுகிறது என்று 2015இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. பழைய முறையில் நூற்றுக்கு 17 பேருக்கு நின்றது, இந்த முறையில் 43 பேருக்கு நின்றது. அதிலும் நிற்காவிட்டால் அடினோசின் ஊசி. சில நொடிகளில் மறைந்துபோகும் மருந்து அது. அந்தச் சில நொடி நோயாளிக்கு உயிரே போவதுபோல் இருக்கும், ஆனால் சுற்று அறுந்துவிடும்.

பிறவியிலேயே மேலறைக்கும் கீழறைக்கும் இடையில் ஒரு கூடுதல் பாதை இருந்தால் அது டபிள்யூபிடபிள்யூ. 1930இல் விவரித்த உல்ஃப், பார்க்கின்சன், வைட் ஆகிய மூவரின் முதலெழுத்துகள். இவர்களுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் வந்துவிட்டால், ஏவி நோட்டை அடக்கும் வழக்கமான மருந்துகளைக் கொடுக்கக்கூடாது. தாமதிக்கத் தெரிந்த வாசலை மூடினால், தாமதமே தெரியாத குறுக்குப் பாதை வழியாக எல்லாம் கீழே பாயும், இதயம் நின்றே போகலாம். பெயர் தெரியாமல் மருந்து கொடுப்பதன் ஆபத்து இதுதான். நல்ல சேதி, அந்தப் பாதையைக் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியாகச் சுட்டுவிட முடியும். பெரும்பாலோருக்கு அதோடு நோயே முடிந்துவிடும்.

அத்தையின் நோய் வேறு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் மேலறை சுருங்குவதே இல்லை. நிமிடத்துக்கு 350 முதல் 600 வரையிலான மின்னலைகள் தாறுமாறாக ஓட, புழு நெளிவதுபோல் நடுங்கிக்கொண்டிருக்கும். ஏவி நோட் அதில் சிலவற்றை மட்டும் கீழே விடுகிறது. எதை எப்போது விடும் என்பதில் எந்த ஒழுங்கும் இல்லை. மணிக்கட்டில் விரல் வைத்தால் இரண்டு துடிப்புகளின் இடைவெளிகூட ஒன்றுபோல் இருக்காது. சில துடிப்புகள் கைவரை வந்து சேரவே சேராது. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து எண்ணினால் 120, மணிக்கட்டில் எண்ணினால் 95 என்று வரும்.

இதைக் கால அளவை வைத்தும் பிரிக்கிறார்கள். 7 நாளுக்குள் நின்றுவிட்டால் வந்துபோகும் வகை, அதற்கு மேல் நீடித்தால் நிலைத்த வகை, 12 மாதம் தாண்டினால் நெடுநாள் நிலைத்த வகை. இனி மாற்ற முயல வேண்டாம் என்று நோயாளியும் மருத்துவரும் சேர்ந்து முடிவெடுத்தால் நிரந்தர வகை. கடைசியாகச் சொன்னது ஒரு உயிரியல் நிலை அல்ல, ஒரு முடிவு. அமெரிக்க இதயநோய் அமைப்புகள் 2023இல் இன்னும் முன்னே போய், உடல் பருமன், ரத்தக்கொதிப்பு, தூக்கத்தில் மூச்சுத் தடை போன்றவை இருக்கும் காலத்தையே முதல் நிலை என்று கணக்கிட்டன. துடிப்பு பிசகும் முன்பே நோய் தொடங்கிவிடுகிறது என்று ஒப்புக்கொள்ளும் வகைப்பாடு இது. சரியான திசை என்றே நினைக்கிறேன்.

ஆனால் ஆபத்து துடிப்பில் இல்லை, தேக்கத்தில் இருக்கிறது. சுருங்காத இடது மேலறையின் ஓரத்தில் ஒரு சின்னப் பை உண்டு. அதில் ரத்தம் தேங்கிக் கட்டியாகும். கட்டி உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த நோய் இருப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு சுமார் ஐந்து மடங்கு. யாருக்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை வேண்டும் என்று முடிவுசெய்ய ஒரு மதிப்பெண் கணக்கு இருக்கிறது. இதயச் செயலிழப்பு, ரத்தக்கொதிப்பு, வயது, சர்க்கரை, முன்பு பக்கவாதம், ரத்தக்குழாய் நோய் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுவார்கள். படபடப்பு இருக்கிறதா, எவ்வளவு நேரம் இருக்கிறது என்ற கேள்வியே அதில் கிடையாது. அத்தைக்கு எழுபது தாண்டிய வயது, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மூன்றும் இருந்தன. யாராவது ஒருமுறை நாடி பிடித்துப் பார்த்திருந்தால் மாத்திரை முன்பே தொடங்கியிருக்கலாம். ஆஸ்பிரின் இந்த மாத்திரைக்கு மாற்றாகாது, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நம் நாட்டில் இந்த நோய்க்கு இன்னொரு கதவும் உண்டு. சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால், இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள மைட்ரல் வால்வு சுருங்கிப்போனவர்களுக்கு, முப்பது நாற்பது வயதிலேயே இது வரும். அவர்களுக்கு மேலே சொன்ன மதிப்பெண் கணக்கே தேவையில்லை, மாத்திரை கட்டாயம். புதிய மாத்திரைகள் வசதியானவை என்றாலும், 2022இல் வந்த இன்விக்டஸ் ஆய்வில் இவர்களுக்குப் பழைய மாத்திரையான வார்ஃபரினே மேல் என்று தெரிந்தது. மாதாமாதம் ரத்தப் பரிசோதனைக்கு அலைவது சிரமம்தான், ஆனால் அந்த அலைச்சல் வீண் இல்லை.

கீழறைக் கோளாறுகளில் மிகச் சாதாரணம் எனக்கிருக்கும் எக்டோபிக். நேரத்துக்கு முன்பே ஒரு துடிப்பு கீழறையிலிருந்து முந்திக்கொள்ளும். இதயம் நிரம்பும் முன் வந்ததால் அதில் வலு இருக்காது, நமக்குத் தெரியாது. அதன்பின் ஒரு நீண்ட இடைவெளி. அந்த நேரத்தில் கீழறை வழக்கத்தைவிட அதிகமாக நிரம்பி, அடுத்த துடிப்பு பலமாக அடிக்கும். நெஞ்சில் ‘தொம்’ என்று விழுவது கோளாறான துடிப்பு அல்ல, அதற்கு அடுத்து வரும் நல்ல துடிப்பு! இது தெரிந்த அன்றுதான் எனக்குப் பாதி பயம் போயிற்று.

அப்படியானால் மருந்து கொடுத்து அதை நிறுத்திவிட்டால் என்ன? மாரடைப்பு வந்தவர்களுக்கு எக்டோபிக் அதிகம் இருந்தால் ஆயுள் குறைவு என்பது தெரிந்த விஷயம். அதை அடக்கினால் ஆயுள் கூடும் என்று மருத்துவ உலகமே நம்பியது. காஸ்ட் என்ற ஆய்வில் என்கெய்னைடு, ஃப்ளெகெய்னைடு மருந்துகளை அப்படிப்பட்டவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எக்டோபிக் அடங்கியது. ஆனால் மருந்து சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்தார்கள், வெற்று மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் 26 பேர். 1989இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். இதயத் துடிப்பு மருத்துவத்தில் இவ்வளவு கசப்பான பாடம் வேறு இல்லை என்பேன். தாளில் கோடு அழகாவது வேறு, மனிதர் பிழைப்பது வேறு.

கீழறையிலிருந்து மூன்றோ அதற்கு மேலோ துடிப்புகள் தொடர்ச்சியாக, வேகமாக வந்தால் விடி, அதாவது வென்ட்ரிக்குலர் டாக்கிகார்டியா, என்று எழுதுவார்கள். 30 நொடிக்குள் தானே நின்றால் ஒரு வகை, தாண்டினால் அல்லது மயக்கம் போட்டால் நீடித்த வகை. எல்லா முனைகளும் ஒரே வடிவமாக இருந்தால் பழைய மாரடைப்பின் தழும்பைச் சுற்றி மின்சாரம் வட்டமடிக்கிறது என்று சந்தேகிப்பார்கள். வடிவம் மாறிக்கொண்டே இருந்தால் தற்போதைய ரத்த ஓட்டக் குறைவோ, உப்புகளின் குறைவோ, மருந்தின் பக்க விளைவோ காரணமாகலாம். இதில் முனைகள் முறுக்கிய கயிறுபோல் தெரியும் ஒரு வகைக்கு மெக்னீசியம் ஊசி மருந்து. கடைசியில் இருப்பது விஎஃப், அதாவது வென்ட்ரிக்குலர் ஃபிப்ரிலேஷன். கீழறை நடுங்கும், ரத்தம் வெளியே போகாது, சில நொடிகளில் நினைவு தப்பும்.

இந்த இடத்தில் தமிழில் ஒரு குழப்பம் இருக்கிறது. யாராவது திடீரென்று விழுந்து இறந்தால் செய்தியில் ‘மாரடைப்பால் மரணம்’ என்றே வரும். மாரடைப்பு என்பது ரத்தக்குழாய் அடைபடுவது, குழாயின் கோளாறு. இதயம் நின்றுபோவது பல நேரம் மின்சாரத்தின் கோளாறு. முன்னது பின்னதற்கு வழிவிடலாம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. விளையாட்டு மைதானத்தில் இருபது வயதுப் பையன் சுருண்டு விழுந்தால் குழாய் அடைப்பைவிட, பரம்பரையாக வரும் இதயத் தசைத் தடிப்போ, நீண்ட க்யூடி, புருகாடா போன்ற மின்கோளாறோ காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் அவன் தம்பி தங்கைகளுக்கும் இசிஜி எடுக்க வேண்டும். ‘மாரடைப்பு’ என்று எழுதி மூடிவிட்டால் அந்தக் கேள்வியே எழாமல் போய்விடுகிறது. விழுந்தவருக்கு மூச்சும் அசைவும் இல்லையென்றால் 108க்குச் சொல்லிவிட்டு, மார்பின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். மின்அதிர்ச்சிக் கருவி வரும்வரை மூளையைக் காப்பது அது ஒன்றுதான்.

சரி, நமக்கே படபடப்பு வருகிறது என்றால்? இந்தப் பெயர்களில் எது என்று சொல்ல, அது வரும்போது எடுத்த இசிஜி வேண்டும். நின்றபின் எடுத்தது பல நேரம் நார்மலாகவே இருக்கும். தினமும் வந்தால் ஹோல்டர் போதும். மாதத்துக்கு ஒருமுறை வந்தால் பல வாரம் பதிவு செய்யும் கருவி, அதைவிட அரிதாக வந்து மயக்கமும் போட்டால் தோலுக்கடியில் வைக்கும் சின்னப் பதிவுக் கருவி. கைக்கடிகாரங்களும் இப்போது உதவுகின்றன. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆப்பிள் ஆய்வில் 0.52 சதவீதம் பேருக்கு மட்டுமே, துடிப்பு ஒழுங்கில்லை என்ற எச்சரிக்கை வந்தது. அது வந்தாலும் மருத்துவர் இசிஜியில் உறுதி செய்த பிறகே நோய் என்று கொள்ள வேண்டும். மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் சேர்ந்து வந்தாலோ, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தாலோ காத்திருக்கக்கூடாது.

படபடப்பு வந்ததும் பக்கத்தில் எந்தச் சின்ன கிளினிக் இருந்தாலும் போய் ஒரு இசிஜி எடுத்துவிடுங்கள். எடுத்த கையோடு செல்போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள் பெரும்பாலும் வெப்பத்தில் அச்சாகும் வகை, பஸ் டிக்கெட் மாதிரி சில மாதங்களில் வெளுத்துப்போகும். என் அத்தை பீரோவில் பழைய இசிஜி தாள்கள் இரண்டு இருந்தன. நோய் எப்போது தொடங்கியது என்று பார்க்க மருத்துவர் அவற்றைக் கேட்டார். விரித்துப் பார்த்தோம், கட்டங்கள் மட்டுமே மிச்சம்.